தோட்ட வேலையும் தோட்டக்கலையும்: பர்லியார் வழி ஒரு தொழிற்கருத்து வரலாறு

மாணவர் ஒரு தொழிலைத் தேர்வதற்கு முன்பே அத்தொழிலைப் பற்றிய கருத்தொன்று அவர் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. ஏறத்தாழ ஒன்பது முதல் பதின்மூன்று வயதிற்குள் குழந்தைகள் தொழில்களின் சமூக மதிப்பை உணர்கின்றனர் என்றும், தம் ஆர்வத்தைத் தெளிவாக அறியுமுன்னரே பல தொழில்களை விலக்கிவிடுகின்றனர் என்றும் அமெரிக்க அறிஞர் லிண்டா காட்பிரெட்சன் 1981இல் விளக்கினார். அவ்வாறு விலக்கப்படும் தொழில்களின் பின்னே உள்ளூர் வரலாறும் இருக்கக்கூடும் என்பதற்கு நீலகிரியின் பர்லியார் சான்றாகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் அமைந்த பர்லியார்ப் பழப்பண்ணை, 1871 முதல் அரசுத் தோட்டமாக விளங்குவது. மங்குஸ்தான், துரியன், கிராம்பு, சாதிக்காய் ஆகியவை இங்கு வளர்கின்றன. சாதிக்காயில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியானவை; விதையிலிருந்து வளரும் கன்று எவ்வகையினது என்பது பூக்கும்வரை புலப்படுவதில்லை. எனவே காய்க்கும் மரத்திலிருந்து ஒட்டுக்கட்டும் திறன் இன்றியமையாததாகிறது. இத்தகைய நுட்பம் வேண்டும் உழைப்பும் பேச்சுவழக்கில் ‘தோட்ட வேலை’ என்றே சுட்டப்படுகிறது.

நீலகிரியில் ‘தோட்டம்’ என்னும் சொல் தேயிலைத் தோட்டத்தின் நினைவையும் சுமக்கிறது. 1964ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோருக்கு வாழ்வளிக்க 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பெற்றது. அங்கு வேலையோடு குடியிருப்பும் பிணைந்திருந்தது. வேலை நீங்கினால் வீடும் நீங்கும். இந்நிலையில் வாழும் பெற்றோர், பிள்ளை படித்துத் தோட்டத்தைவிட்டு வெளியேற வேண்டுமென விரும்புவது பட்டறிவின் முடிவேயாகும்.

இதற்கிடையே 1971இல் கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. ஒட்டுக்கட்டுதலும் நாற்று வளர்ப்பும் ‘தோட்டக்கலை’ என்னும் பெயரில் பட்டப்படிப்பின் பாடங்களாயின. அப்பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்திலேயே உள்ளது. செய்தொழில் ஒன்றே, ஒரு பெயர் கூலியையும் மற்றொரு பெயர் பட்டத்தையும் நினைவூட்டுகிறது.

ஆகவே, மலைப்பகுதி மாணவர்க்குத் தொழில்வழி காட்டுவோர் உடலுழைப்பின் பெருமையைப் புகழ்ந்துரைப்பதோடு அமைதல் போதாது. மாணவர் வெறுப்பது திறனையா, அத்திறனுக்குக் கிடைத்த கூலியையும் குடியிருப்பு நிலையையுமா என்பதைப் பிரித்துணர்த்த வேண்டும். அப்பிரிப்பு நிகழாதவரை, தலைமுறைகளாகக் கைவந்த அறிவு மாணவரின் தெரிவுப் பட்டியலில் இடம்பெறாமலே போகும்.