தேவாலயத்துப் புல்தரையின் அடியில்

சிங்கப்பூரின் பெருவிரைவு ரயிலில், வடக்கிலிருந்து தெற்கு நோக்கியோ கிழக்கிலிருந்து மேற்கு நோக்கியோ நகரத்தின் நடுவே பிரயாணம் செய்கிறவர் கடந்தே தீரவேண்டிய சிட்டி ஹால் நிலையம், தரைக்கு மேலே தனக்கென்று ஒரு கோபுரமோ கம்பீரமான முகப்போ வேண்டாமல், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் புல்தரையை ஒட்டிப் பூமிக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. நகரும் படிகளில் ஏறி வெளியே வருகிறவர் சில நிமிஷ நடையில் தேவாலயத்தையும், பழைய நகர மண்டபத்தையும், பழைய உச்ச நீதிமன்றத்தையும், விக்டோரியா அரங்கையும், பாடாங் என்னும் பரந்த மைதானத்தையும் கண்டுவிடலாம். இவற்றின் சரித்திரத்தைக் கவர்னர்களின் பெயரையும் சிற்பிகளின் பெயரையும் சொல்லி முடித்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. இந்த மண்ணை வெட்டியவர்கள் யார், இந்தச் சுவர்களைப் பூசியவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டு தொடங்கினால்தான் அந்தச் சரித்திரம் முழுமையாக விளங்கும் என்பது என் துணிபு.

1822-ஆம் வருஷத்தில், ஆங்கிலக் குடியேற்றத்தை இங்கே நிறுவிய ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் இந்தப் பிரதேசம் அரசாங்கத்தின் உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. அக்காலத்தில் மைதானத்தின் விளிம்புவரை கடல் வந்து அலைத்தது. இன்று அங்கே தெரிகிற வீதிகளும் விடுதிகளும் பிற்காலத்தில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தின்மேல் நிற்பவை. 1852-இல் ஐரோப்பியர்கள் மைதானத்தின் ஒரு பக்கத்தில் கிரிக்கெட் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார்கள்; யூரேசியர்களின் சங்கம் 1883-இல் மறுபக்கத்தில் தோன்றிற்று.

மண்ணை வெட்டியவர்களின் கதை வேறு. சென்னை ராஜதானியில் தண்டனை பெற்று, சுமத்ராவின் பெங்கூலன் கோட்டைக்கு நாடு கடத்தப்பட்டிருந்த கைதிகள், 1824-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தால் பெங்கூலன் டச்சுக்காரர் வசம் போனபோது, மறுவருஷம் ஏப்ரலில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களைத் தொடர்ந்து வங்காளத்துக் கைதிகளும், பின்னர் இந்தியாவின் பல பாகங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களும் வந்து சேர்ந்தார்கள். சதுப்பைத் தூர்த்ததும் சாலை போட்டதும் செங்கல் அறுத்ததும் கல் உடைத்ததும் அவர்கள்தாம். கொத்து வேலையும் தச்சு வேலையும் கொல்லு வேலையும் சிறைக்குள்ளேயே கற்பிக்கப்பட்டன. நன்னடத்தையுள்ள கைதிகளே மற்றக் கைதிகளுக்குக் காவலராகவும் நியமிக்கப்பட்டார்கள்.

தேவாலயம் எழுந்த கதை அவர்களுடைய கதையேயாகும். முதலில் அவ்விடத்தில் கோல்மன் என்னும் கட்டடச் சிற்பி கட்டிய ஆலயம் இரண்டு முறை இடி விழுந்து பழுதுபட்டு, 1852-இல் மூடப்பட்டுப் பிறகு இடிக்கப்பட்டது. புதிய ஆலயத்துக்கு ரானல்டு மாக்ஃபர்சன் என்னும் ராணுவப் பொறியாளர் வரைபடம் வகுத்தார். 1856 மார்ச்சில் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டு, 1862 ஜனவரியில் பிரதிஷ்டை நடந்தது. இடைப்பட்ட அத்தனை வருஷங்களிலும் சாரம் ஏறி வேலை செய்தவர்கள் இந்தியக் கைதிகள். சுவர்களுக்கு அவர்கள் பூசிய சாந்தின் பக்குவத்தை, அப்பணியில் பங்குகொண்ட மெக்நேர் என்னும் அதிகாரி 1899-இல் வெளியிட்ட நூலில் விவரமாக எழுதிவைத்திருக்கிறார். மணல் சேராத சிப்பிச் சுண்ணாம்பில் முட்டையின் வெண்கருவையும் கரடான சர்க்கரையையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டு, பதம் வரும்வரை அடித்துக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து, இடையிடையே மாக்கல் பொடியைத் தூவி மெருகேற்றினார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்குவம் புதிதாக இராது. கால்களில் விலங்கோடு கடல் கடந்து போனவர்கள் அந்நிய தேசத்தில் அந்நிய தெய்வத்தின் ஆலயத்துக்கு இந்த வெண்மையைக் கொடுத்தார்கள் என்று எண்ணும்போது பெருமையும் துக்கமும் ஒருங்கே எழுகின்றன.

தேவாலயத்துக்கு அடுத்தாற்போல், கொரிந்தியத் தூண் வரிசையோடு 1929-இல் முடிவுற்ற முனிசிபல் மாளிகையே 1951-இல் நகர மண்டபம், அதாவது சிட்டி ஹால், என்று பெயர் பெற்றது. 1943 ஜூலை 5-ஆம் தேதி, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அந்த மாளிகையின் எதிரே பாடாங்கில் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, டில்லியை நோக்கிப் புறப்படுமாறு அறைகூவினார். அந்த அழைப்பைக் கேட்டு அடுத்த மாதங்களில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து திரண்டு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்திய தமிழ்ப் பெண்களும் பலர். இந்திய தேசிய ராணுவத்தில் உயிர்நீத்தவர்களுக்காக 1945 ஜூலையில் மைதானத்தின் கடலோரத்தில் எழுப்பத் தொடங்கிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் சில வாரங்களுக்குள் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஜப்பானியர் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டதும், 1959 ஜூனில் சுயாட்சி பெற்ற நாட்டின் முதல் மந்திரிசபை பிரமாணம் செய்ததும் அதே மாளிகையில்தான்.

இத்தனையும் நிகழ்ந்த இடத்தில் பூமியைப் பிளந்து ரயில் ஓட்டுவது என்ற தீர்மானம் எளிதில் ஏற்பட்டதன்று. பேருந்துகளைக் கொண்டே நகரத்தின் போக்குவரத்தைச் சமாளித்துவிடலாம் என்று 1980-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து நிபுணர் குழு ஒன்று அபிப்பிராயம் தெரிவித்தது; சின்னஞ்சிறு தீவில் எல்லாப் பேருந்துகளும் ஒரே மையத்தில் வந்து நெரிந்தால் வீதிகள் தாங்கா என்று ரயிலை ஆதரித்தவர்கள் வாதித்தார்கள். தொலைக்காட்சியிலும் விவாதம் நடந்தது. போக்குவரத்து மந்திரியாக இருந்த ஓங் டெங் சியோங், பிற்காலத்தில் அதே நாட்டின் ஜனாதிபதியானவர், ரயில் பக்ஷத்தில் உறுதியாக நின்றார். 1982-இல் ஏறக்குறைய 500 கோடி வெள்ளிச் செலவுக்கு அரசாங்கம் சம்மதித்தது. ஆரம்ப வரைபடங்களில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று குறிக்கப்பட்டிருந்த நிலையத்துக்கு நகர மண்டப மாளிகையின் பெயரே நிலைத்தது. 1983-இல் தொடங்கிய வேலையின் பயனாக, 1987 டிசம்பர் 12-ஆம் தேதி இந்த நிலையம் பிரயாணிகளுக்குத் திறக்கப்பட்டது. கிழக்கே செல்லும் பாதை 1989 நவம்பரில் இணைந்தது.

இதன் அமைப்பில் நான் மிகவும் மெச்சுவது இரு தளங்களில் நடைமேடைகளை வகுத்திருக்கும் விவேகம். வடக்கிலிருந்து வந்து கிழக்கே போக வேண்டியவர், படி ஏறாமலும் இறங்காமலும், அதே நடைமேடையின் எதிர்ப்புறத்துக்கு நடந்து வேறு ரயிலில் ஏறிவிடலாம். மேற்கே போகிறவர்களுக்கு இதே வசதி, சிங்கப்பூர் ஆற்றுக்கு அப்பாலுள்ள ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இருக்கிறது. கூடையோடு வருகிற மூதாட்டிக்கும் குழந்தையைத் தூக்கி வருகிற தாய்க்கும் இது எத்தகைய உபகாரம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குப் பாதைகள் ஓரிடத்தில் மட்டும் வெட்டிக்கொண்டு போயிருந்தால் செலவு குறைந்திருக்கும். இரண்டு நிலையங்களை இணைத்து நான்கு சுரங்கங்களை ஆற்றுக்கு அடியில் கொண்டுபோகத் துணிந்தது, ஜனங்களின் நடைச் சிரமத்தை எண்ணிப் பார்த்த நிர்மாணம்.

பிறகு மேலேயுள்ள மாளிகைகள் தம் தொழிலை மாற்றிக்கொண்டன. பழைய பாராளுமன்றக் கட்டடம் 2004-இல் கலை இல்லமாயிற்று. நகர மண்டபமும் பழைய உச்ச நீதிமன்றமும் ஒன்றாக இணைக்கப்பட்டு, 2015 நவம்பரில் தென்கிழக்காசியச் சித்திரங்களின் தேசியக் கூடமாகத் திறக்கப்பட்டன. நகராட்சி மறைந்து நெடுங்காலமான பின்பும் ரயில் நிலையம் அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. நிலையத்திலிருந்து பூமிக்குள்ளேயே நடந்து, 2002-இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் அரங்கை நெருங்கிவிடலாம். அங்கே வருஷந்தோறும் நடக்கும் கலா உத்சவத்துக்குத் தமிழ்க் குடும்பங்கள் பட்டுப் புடைவையும் மல்லிகையுமாக இவ்வழியே வருகின்றன.

கைதிகளை அடைத்துவைத்த சிறை, இங்கிருந்து சிறிது தூரத்தில் பிராஸ் பாசா வீதியோரம் இருந்தது. 1873-இல் அது மூடப்பட்டது. அந்த வட்டாரத்தில் 2010 ஏப்ரலில் ஒரு நிலையம் திறக்கப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய 35 மீட்டர் ஆழம் போகும் அந்த நிலையத்தின் கூரையில் கண்ணாடிமேல் நீர் தேங்கி நிற்க, பகல் வெளிச்சம் நீரினூடே கீழே இறங்குகிறது. இத்தகைய பிற்காலத்து நிலையங்களையும் ரயில் பாதைகளையும் வெட்டிய காலத்தில் சிங்கப்பூரின் கட்டுமானத் தொழிலாளர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போனவர்கள் பெருந்தொகையினர். இவர்கள் கூலிக்கு, தாமே ஒப்பந்தம் செய்துகொண்டு போனவர்கள். கைதிகளின் சாந்துப் பக்குவத்தை எழுதிவைக்க ஒரு மெக்நேர் இருந்தார். இவர்களுடைய தொழில் நுணுக்கத்தை இவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதிவைக்கும் வேலை, இவர்கள் ஊர் திரும்பிவிடுவதற்குள் நடக்க வேண்டியதாக இருக்கிறது.