கூழாங்கல் காத்த ஊர்

கடல் அழித்த ஊர்களைப் பாடுவது கவிஞர்க்கு எளிது. 'கடல்கோள்' என்னும் ஒரு சொல்லில் அழிவு முழுவதையும் அடக்கி, பழியைக் கடலின்மேல் ஏற்றிவிடலாம். அச்சொல் எல்லா இடத்தும் பொருந்துமா என்று எண்ணத் தூண்டுவது, இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் இருந்த ஹால்சாண்ட்ஸ் என்னும் மீனவச் சிற்றூரின் வரலாறு.

ஸ்டார்ட் விரிகுடாவின் கரையில், செங்குத்தான பாறையின் அடியில், ஒடுங்கியதொரு திட்டின்மேல் அமைந்திருந்தது அவ்வூர். 1506ஆம் ஆண்டிலேயே அங்கு ஒரு சிறு தேவாலயம் இருந்தது. 1891ஆம் ஆண்டுக் கணக்கின்படி 37 வீடுகள், 159 மக்கள். 'லண்டன் இன்' என்றொரு மதுவிடுதியும் உண்டு. நண்டும் மீனும் பிடிப்பதே தொழில். கரை திரும்பும் படகுகளைக் கயிறு பற்றி இழுத்து மேலேற்றுவதில் பெண்டிரும் தோள் கொடுத்தனர்.

வீடுகளுக்கும் அலைகளுக்கும் இடையே கிடந்த கூழாங்கல் மேடே அவ்வூரின் அரண். புயலின் வேகத்தைத் தாங்கியது அது. படகு நிறுத்த இடம் தந்ததும் அதுவே.

பிளிமத் நகரை ஒட்டிய கீயம் கடற்படைத் துறையை விரிவாக்க அரசு முடிவு செய்தபோது, கான்கிரீட்டுக்குக் கல்லும் மணலும் பெருமளவில் வேண்டியிருந்தன. ஒப்பந்தக்காரர் சர் ஜான் ஜாக்சன் ஸ்டார்ட் விரிகுடாவில் அவற்றை வாரிக்கொள்ள வணிக வாரியம் உரிமம் அளித்தது. 1897 ஏப்ரலில் பணி தொடங்கியது. நாளொன்றுக்கு 1,600 டன் வரை அள்ளப்பட்டது. எடுத்ததைக் கடலே மீண்டும் கொண்டுவந்து நிரப்பும் என்பது உரிமம் தந்தோரின் நம்பிக்கை. ஆனால் அக்கற்கள் பனியுகத்தின் முடிவில் கடல்மட்டம் உயர்ந்தபோது கரையில் ஒதுங்கிய பழஞ்செல்வம். புதிதாக வந்து சேர்வது மிகக் குறைவு. செலவழித்தால் தீர்ந்துபோகும் முதல் அது.

கரை தாழ்ந்ததை முதலில் உணர்ந்தவர்கள் மீனவர்களே. 1900 நவம்பரில் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு முறையீடு அனுப்பினர். அவ்வாண்டே புயலில் கடற்சுவரின் ஒரு பகுதி இடிந்தது. 1901 செப்டம்பரில் ஆய்வுக்கு வந்த அதிகாரி, தோண்டுதலை நிறுத்துமாறு பரிந்துரைத்தார். 1902 ஜனவரி 8 அன்று உரிமம் நீக்கப்பட்டது. அதற்குள் அள்ளப்பட்ட கல்லும் மணலும் ஏறத்தாழ 6,50,000 டன்.

அரண் இழந்த ஊர் மேலும் பதினைந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 1917 ஜனவரி 26 இரவு, கீழைக்காற்றும் பேரோதமும் ஒருங்கே வந்தன. வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. உயிரிழப்பு நேரவில்லை, ஆனால் ஆண்டு முடிவதற்குள் குடியிருக்கத்தக்க வீடு ஒன்றே எஞ்சியது. நட்ட ஈட்டுக்காக அம்மக்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

ஊர் அழிந்த அதே 1917இன் செப்டம்பரில், அவ்வூர் மகள் எல்லா டிரவுட், சிறுவனான தன் உறவினனுடன் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, 'நியூஹோம்' என்னும் நீராவிக்கப்பல் வெடித்து மூழ்கக் கண்டார். துடுப்பு வலித்துச் சென்று, நீரில் தத்தளித்த மாலுமி ஒருவரைக் காப்பாற்றினார். அதற்காக ஓ.பி.இ. விருது பெற்றார். எந்த நாட்டின் கடற்படைத் துறைக்காகத் தன் ஊரின் கரை அள்ளிச் செல்லப்பட்டதோ, அந்த நாடே அவர் துணிவைப் பாராட்டிப் பதக்கம் அணிவித்தது. பின்னர் அவரும் உடன்பிறந்த பெண்களும் மேட்டுநிலத்தில் ஒரு விடுதி கட்டி வாழ்ந்தனர். கீழே எஞ்சிய ஒற்றை வீட்டில் மூதாட்டி ஒருவர் 1964 வரை வாழ்ந்து மறைந்தார்.

இன்று பாறைத்திட்டில் சில சுவர்களே நிற்கின்றன. ஹால்சாண்ட்ஸின் கூழாங்கற்களோ கீயம் துறையின் கட்டுமானத்துள் உறைந்து கிடக்கின்றன. ஓர் ஊரின் அரண் மற்றோர் ஊரின் மதிலாயிற்று. கடல் இறுதியில் வந்தது உண்மை. வழி திறந்துவிட்டது ஓர் உரிமத்தாள். இனி 'கடல் கொண்டது' என்று பாட எழுதுகோல் எடுக்கும்முன், கரை எங்கே போயிற்று என்று ஒருமுறை கேட்பது கவிஞர்க்குக் கடன்.