மனநல ஆலோசகர்கள் சாதியை எப்போது படிப்பார்கள்?

விடிவதற்கு முன்பே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களில் தலித்துகள் ஏராளம். அப்படிப் போய்வந்த ஓர் அக்கா பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தார். அவரை ஆலோசனைக்கு அழைத்துச் சென்றது நான்தான். தெருவில் எல்லோர் முன்னாலும் சாதியைச் சொல்லித் திட்டினார்கள் என்று அக்கா இரண்டு முறை சொன்னார். ஆலோசகர் எழுதிய குறிப்பில் இருந்தது 'குடும்பப் பிரச்சினை' என்ற ஒரே சொல்தொடர்.

அந்த ஆலோசகர் கெட்டவர் இல்லை, அன்பாகத்தான் பேசினார். சாதி அவமானத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

சாதி மனத்தில் குடியிருக்கிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கிவிட்டார். அதற்கு முன்பே, 1922இல், கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். ஆனால் அண்ணல் பேசிய மனமும் உளவியல் துறை படித்த மனமும் நெடுங்காலம் சந்திக்கவே இல்லை.

துறைக்குச் சாதி தெரியாமல் இல்லை. 1964இல் உதய் பாரீக், திரிவேதி இருவரும் கிராமக் குடும்பங்களுக்கான சமூகப் பொருளாதார அளவுகோலை வெளியிட்டார்கள். அதில் சாதிக்கும் மதிப்பெண் உண்டு. பட்டியல் சாதி என்றால் 1, ஆதிக்க சாதி என்றால் 6. 1976இல் வந்த குப்புசாமியின் நகர அளவுகோல் கல்வி, தொழில், வருமானம் மூன்றை மட்டும் கேட்டது. ஆய்வு மாணவர்கள் இன்றும் இவற்றைப் புதுப்பித்துப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றில் நாம் ஒரு மதிப்பெண், இன்னொன்றில் அதுவும் இல்லை. அவமானம் மனத்தை என்ன செய்கிறது என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

இந்திய மருத்துவ உளவியலாளர் சங்கம் 1968இல் உருவானது. அதே ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாடு நடந்தபோது, கறுப்பின உளவியலாளர்கள் தனியே கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். துறையில் எங்கள் ஆட்கள் ஏன் இவ்வளவு குறைவு, இனவெறியையும் வறுமையையும் பற்றிச் சங்கம் ஏன் பேசுவதில்லை என்று கேட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளைத் தாழ்த்திக் காட்டிய நுண்ணறிவுச் சோதனைகளை நிறுத்தச் சொன்னார்கள். 1971இல் கென்னத் கிளார்க் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவரானார். 2021 அக்டோபரில் அந்தச் சங்கம் இனவெறிக்குத் துணைபோனதற்காக மன்னிப்புக் கேட்டது. கேள்வி கேட்டதிலிருந்து மன்னிப்பு வரை 53 ஆண்டுகள். இங்கே சாதிக்காக அப்படியொரு மன்னிப்பை எந்த உளவியல் சங்கமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பட்டம் வாங்கியதோடு மருத்துவ உளவியலாளரின் படிப்பு முடிவதில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டுகளில் தொடர்கல்விப் புள்ளிகள் 100 சேர்க்க வேண்டும். கருத்தரங்கு, பயிலரங்கு, மாநாடு என்று போய்வந்தால் புள்ளி கிடைக்கும். இந்த நூறில் சாதிக்கென்று கட்டாயமாக ஒரு புள்ளிகூட ஒதுக்கப்படவில்லை.

சட்டமோ தெளிவாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதிப் பாகுபாடு இல்லாத மனநலச் சேவையை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. பாகுபாடு என்றால் வாசலில் நிறுத்துவது மட்டுமா? உள்ளே உட்காரவைத்து, சொன்னதைக் காதில் வாங்காமல் அனுப்புவதும் பாகுபாடுதான்.

1989 போடி கலவரத்தின்போது பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு இன்று நாற்பது வயதுக்கு மேல். வன்கொடுமை வழக்குகளில் முதல் தகவல் அறிக்கைக்கும் நிவாரணத்துக்கும் நாம் அலைகிறோம், அலையத்தான் வேண்டும். அந்த இரவுகளை நெஞ்சில் சுமப்பவர்களுக்கு என்ன வழி என்றும் கேட்டாக வேண்டும்.

கேட்பதற்கு இதுதான் நேரம். மற்ற உளவியலாளர்களையும் மனநலச் சமூகப் பணியாளர்களையும் 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. மாநில அளவிலும் கவுன்சில்கள் அமைக்க அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே நம் கோரிக்கைகளைப் பழைய கவுன்சில், புதிய கவுன்சில், தொழில்முறைச் சங்கங்கள் என எல்லோரிடமும் வைப்போம்.

தொடர்கல்விப் புள்ளிகளில் ஒரு பகுதி சாதிக் கொடுமையின் மனப் பாதிப்புக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கும் கட்டாயமாக ஒதுக்கப்பட வேண்டும். அந்த வகுப்புகளைத் தலித் உளவியலாளர்களும் பாதிக்கப்பட்ட மக்களும் எடுக்க வேண்டும். பெருநகர ஓட்டல்களில் ஆங்கிலத்தில் மட்டுமல்லாமல், தேனியிலும் கம்பத்திலும் தமிழில் நடக்க வேண்டும். கவுன்சில்களில் நமக்கு இடம் வேண்டும்.

அந்த அக்கா மறுபடியும் ஏலத்தோட்டத்துக்குப் போகத் தொடங்கிவிட்டார். இரண்டாவது ஆலோசனைக்குக் கூப்பிட்டேன். "போன தடவ சொன்னதையே அவங்க எழுதிக்கலையே தம்பி" என்றார். என்னிடம் பதில் இல்லை.