நிலுவைச் சம்பளத்துக்கு ஈடாக ஒரு கிராமம்

போலந்து என்றதும் நம்மவரின் நினைவுக்கு முதலில் வருவது கத்தோலிக்கமே. 1995 ஜனவரியில் கொழும்பு காலிமுகத்திடலில் யோசேவாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்த பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அந்நாட்டவர். அந்த நாட்டின் வடகிழக்கு மூலையில், பெலாருஸ் எல்லைக்கு அண்மையில், குருஷினியானி என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே பச்சை வர்ணம் பூசிய மரக் கட்டடம் ஒன்று இரு சிறு கோபுரங்களுடன் நிற்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவர் அதனை அப்பகுதிக்குரிய கிராமத்துத் தேவாலயம் என்றே எண்ணுவர். ஆனால் கோபுர உச்சியில் இருப்பது சிலுவையன்று, பிறை. அதுதான் போலந்திலுள்ள மிகப் பழைய பள்ளிவாசல்.

இவ்வூர்ப் பள்ளிவாசலைக் கட்டியவர்கள் தாத்தாரிய முஸ்லிம்கள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் லித்துவேனியப் பெருங்கோமகன் விதாவ்தாஸ் தாத்தாரியப் படைவீரர்களைத் தன் நாட்டில் குடியமர்த்தினான். 1410இல் குருன்வால்ட் போர்க்களத்தில் அவர்கள் போலந்து, லித்துவேனியப் படைகளுடன் சேர்ந்து ஜேர்மானியச் சிலுவை வீரர்களுக்கு எதிராகப் போரிட்டனர். தம் துருக்கிய மொழியைச் சில தலைமுறைகளில் இழந்தார்கள், மார்க்கத்தை இழக்கவில்லை. சமய நூல்களைப் பெலாருஸ், போலிஷ் மொழிகளில், ஆனால் அரபு எழுத்திலேயே எழுதிவைத்தார்கள். அரபுத் தமிழை அறிந்த நம் வாசகருக்கு இம்முறை புதிதன்று.

குருஷினியானி அவர்களுக்குக் கிடைத்த விதத்துக்கு ஊரிலே ஓர் அழகான கதை உண்டு. பர்கானிப் போரில் மூன்றாம் யான் சோபியெஸ்கி மன்னர் மரணத்தின் வாயிலில் நின்றபோது, சாமுவேல் மூர்சா க்ஷெச்சொவ்ஸ்கி என்ற தாத்தாரியத் தளபதி அவரைக் காப்பாற்றினாராம். நன்றிக்கடனாக மன்னர் கிராமத்தை அளித்தாராம். சுற்றுலாப் பயணிகளுக்கு இக்கதை விருப்பத்துடன் சொல்லப்படுகிறது. ஆயினும் திகதிகளைச் சரிபார்த்தே காலந்தள்ளிய பத்திரிகைக்காரனின் கண்ணில் ஒன்று இடறுகிறது. பர்கானிப் போர் நடந்தது 1683 ஒக்டோபரில். தளபதிக்கும் அவரது வீரர்களுக்கும் நிலம் வழங்கிய அரச சாசனமோ 1679 மார்ச்சில் எழுதப்பட்டது. உயிரைக் காப்பாற்றுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே வெகுமதி கிடைத்துவிட்டதென நாம் நம்பவேண்டும்!

உண்மைக் காரணம் இத்தனை அழகானதன்று. போலந்து அரசிடம் பணம் இல்லை. எல்லையைக் காத்த தாத்தாரியப் படையினருக்கு நெடுங்காலமாகச் சம்பளம் வழங்கப்படவில்லை. அவர்களது பழைய உரிமைகளும் சமயச் சுதந்திரமும் வேறு குறுக்கப்பட்டன. 1672இல் ஒஸ்மானியப் படை இன்றைய உக்ரேனிலுள்ள கமியனெட்ஸ் பக்கமாக முன்னேறியபோது, அங்கிருந்த தாத்தாரியப் படையினரில் பெரும்பகுதியினர் மறுபக்கம் சேர்ந்துகொண்டனர். அவர்களைத் துரோகிகள் எனச் சபித்துவிட்டு அரசு வாளாவிருந்திருக்கலாம். சோபியெஸ்கி அவ்வாறு செய்யவில்லை. திரும்பி வந்தோருக்கு மன்னிப்பளித்தார். பழைய உரிமைகள் மீளவும் உறுதிசெய்யப்பட்டன. பணமாகக் கொடுக்கமுடியாத சம்பளத்துக்கு ஈடாக அரச நிலங்கள் கொடுக்கப்பட்டன. குருஷினியானியும் அயலிலுள்ள பொஹோனிகியும் அவ்வாறு கிடைத்தவையே. நான்காண்டுகளின் பின் வியன்னாவைக் காக்கச் சோபியெஸ்கி புறப்பட்டபோது தாத்தாரியர் அவர் அணியில் நின்றனர். எதிரணியிலும் தாத்தாரியர் இருந்தமையால், அடையாளத்துக்காகத் தலைக்கவசத்தில் வைக்கோல் செருகிக்கொண்டார்கள் என்பர். ஊர்க் கதையைவிட இந்த வரலாறே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அரசொன்று தன் தவறைக் கணக்குப் பார்த்துத் தீர்த்த சம்பவங்கள் வரலாற்றில் அதிகம் இல்லை.

இன்றுள்ள பள்ளிவாசல் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்ததாகக் கருதப்படுகிறது. அதனைக் கட்டியவர்கள் அயலூர்க் கிறிஸ்தவத் தச்சர்கள் எனக் கூறப்படுகிறது. அவர்களுக்குத் தெரிந்த வழிபாட்டிடம் தேவாலயமே. ஆகவே இரு கோபுரங்கள் வந்தன. உள்ளே மக்காவை நோக்கிய மிஹ்ராப், பேருரைக்கான மரமேடை, சுவர்களில் சட்டமிட்டுத் தொங்கும் திருவசனங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள்.

ஊர்ப்புறத்து மரச்சோலைக்குள் மையவாடி இருக்கிறது. அங்கு வாசிக்கக்கூடிய மிகப் பழைய கல் 1699ஆம் ஆண்டுக்குரியது. கற்களில் அரபு, போலிஷ், ரஷ்ய மொழிகள் மாறி மாறி வருகின்றன. ரஷ்ய எழுத்துகள், இப்பகுதி 1915 வரை சார் மன்னரின் ஆட்சியில் இருந்ததன் சுவடு. ஊரில் இன்று பெரும்பான்மையினர் ஓர்தொடொக்ஸ் கிறிஸ்தவர்கள்; அவர்களின் தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் அங்கேயே உள்ளன. இரண்டாம் உலகப் போரின் பின் தாத்தாரியர் பியாவிஸ்தோக், க்டான்ஸ்க் போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தனர். ஒருசில குடும்பங்களே எஞ்சின. பெருநாள்களுக்கு மட்டும் ஊர் நிறையும்.

போலந்து அரசு 1936இல் சட்டமொன்றின் மூலம் முஸ்லிம் சமய அமைப்பை அங்கீகரித்தது. அதே ஆண்டில் இராணுவத்தில் தாத்தாரியருக்கெனக் குதிரைப்படைப் பிரிவொன்று உருவானது. 1939இல் அது ஜேர்மானியருக்கு எதிராகப் போரிட்டது. 2012இல் இரு கிராமங்களின் பள்ளிவாசல்களும் மையவாடிகளும் தேசிய வரலாற்றுச் சின்னங்களாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன.

இரண்டே ஆண்டுகளில், 2014 ஜூனில், குருஷினியானிப் பள்ளிவாசலின் சுவரில் பன்றியொன்றின் உருவத்தை யாரோ வரைந்தனர். அருகில் நாஜிகளை எதிர்த்த போலந்துத் தலைமறைவு இயக்கத்தின் நங்கூரச் சின்னத்தையும் தீட்டினர். மையவாடிக் கற்களும் தப்பவில்லை. எந்தத் தேசத்தின் பெயரால் அதனைச் செய்தார்களோ, அதற்காக உயிர்விட்டவர்களின் சந்ததி தொழும் இடம் அது.

2021 இலையுதிர்காலத்தில் பெலாருஸ் வழியாக வந்த அகதிகள் அதே எல்லைக் காடுகளில் குளிரிலும் பசியிலும் சிக்குண்டனர். அவர்களில் ஒருவர் சிரியாவைச் சேர்ந்த 19 வயது இளைஞர். பூக் நதியில் மூழ்கி இறந்தவர். நவம்பர் 15ஆம் திகதி இரவு பொஹோனிகித் தாத்தாரியர் தம் மூதாதையர் உறங்கும் மையவாடியில் அவருக்குக் குழி வெட்டி, ஜனாஸாத் தொழுகை நடத்தினர். சிரியாவிலிருந்த குடும்பத்தினர் தொலைபேசி வழியே அதில் கலந்துகொண்டனர்.