தர்ம அடியில் தர்மம் உண்டா?

சாயங்கால நேரம். பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிற உப்பிலியபுரம் கடைவீதியில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். துறையூர் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஒரு அம்மாவின் கழுத்துச் சங்கிலியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடுகிறான். நீங்கள் பாய்ந்துபோய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டீர்கள். சபாஷ்! ஆனால், 'நீ என்ன போலீஸா?' என்று அவன் எகிறினால்?

கவலைப்படாதீர்கள். போலீஸ் இல்லாவிட்டாலும் நீங்கள் பிடிக்கலாம். சட்டமே அனுமதிக்கிறது. சிக்கல் எல்லாம் அதற்கு அடுத்த அரை மணி நேரத்தில்தான்!

இது ரொம்பப் பழைய சமாசாரம். ஆரம்பத்தில் திருடனைப் பிடிப்பது உரிமைகூட இல்லை... கடமை! இங்கிலாந்தில் முதலாம் எட்வர்ட் மன்னர் 1285-ல் கொண்டுவந்த வின்செஸ்டர் சட்டப்படி, கொள்ளை நடந்தால் ஊரே கூச்சல் போட்டபடி துரத்த வேண்டும். ஆள் தப்பிவிட்டால், நஷ்டத்தை அந்த வட்டாரத்து ஜனங்களே கட்டி அழ வேண்டும்.

நம் பக்கமும் சளைத்ததல்ல. தமிழ்ச் சீமையில் பாளையக்காரர்கள் காலத்தில் ஊர்க் காவலுக்கென்று காவல்காரர்கள் இருந்தார்கள். குடியானவர்கள் அவர்களுக்கு விளைச்சலில் பங்கு தருவார்கள். பதிலுக்கு, களவுபோன பொருளை அவர்கள் மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். அதாவது, பிடிக்கிற அதிகாரமும் பொறுப்பும் ஒரே கையில் இருந்தன. 19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கம்பெனிக்காரர்கள் பாளையக்காரர்களின் காவல் உரிமையைப் பறித்தார்கள். 1859-ல் சென்னை மாகாணத்துக்கென்று போலீஸ் சட்டமே வந்துவிட்டது.

சரி, போலீஸ் வந்த பிறகு மற்றவர்களுக்கு என்ன வேலை? இதற்கு லண்டனில் ஒரு ருசிகரமான வழக்கு நடந்தது. கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் டபிள்யூ.ஹெச். ஸ்மித் கம்பெனியின் புத்தகக் கடையைப் பார்த்துக்கொண்டவர் வால்டர்ஸ். அவர் மேல் கம்பெனிக்குச் சந்தேகம். ரகசியமாக அடையாளம் போட்டு ஒரு புத்தகத்தை வைத்தார்கள். அதை அவர் எடுத்துப்போய்த் தன் சொந்தக் கடையில் விற்க, கையும் களவுமாகச் சிக்கினார்! ஆனால், 'பிறகு பணம் கட்டுவதாகத்தான் இருந்தேன்' என்று அவர் சொன்னதை ஜூரிகள் ஏற்று விடுதலை செய்துவிட்டார்கள். வால்டர்ஸ் சும்மா இருப்பாரா? தன்னை அநியாயமாகப் பிடித்துவைத்ததாகக் கம்பெனி மேல் திருப்பி வழக்குப் போட்டார்.

தீர்ப்பு வந்தது. 'போலீஸ்காரர் நியாயமான சந்தேகத்தின் பேரில் கைது செய்யலாம். தனி ஆள் கைது செய்தால், குற்றம் நிஜமாகவே நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நஷ்டஈடு!' என்றார் தலைமை நீதிபதி ரூஃபஸ் ஐசக்ஸ். வால்டர்ஸுக்கு 75 பவுண்டு கிடைத்தது. அந்த நீதிபதி யார் தெரியுமா? பிற்பாடு ரீடிங் பிரபு என்ற பெயரில் வைஸ்ராயாக இந்தியாவுக்கு வந்தவர். 1922-ல் காந்திஜியைக் கைது செய்தது அவருடைய ஆட்சிதான்!

நம் நாட்டில் 1898-ம் வருடச் சட்டத்தில் 59-வது பிரிவாக இருந்த இந்த அதிகாரம், 1973-ல் 43-வது பிரிவானது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 40-வது பிரிவு. எண் மாறினாலும் சாரம் ஒன்றுதான். குற்றம் உங்கள் கண் முன்னால் நடந்திருக்க வேண்டும். ஜாமீனில் விட முடியாத, வாரன்ட் இல்லாமலே போலீஸ் பிடிக்கக்கூடிய குற்றமாகவும் இருக்க வேண்டும். சங்கிலிப் பறிப்பு அந்த ரகம். கோர்ட் அறிவித்த தேடப்படும் குற்றவாளியையும் பிடிக்கலாம். பிடித்தவரைத் தாமதிக்காமல் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். இதற்கு அதிகபட்சம் ஆறு மணி நேரம் என்பது புதிய சட்டம் வைத்த கெடு. காரணமில்லாமல் ஒருவரை அடைத்துவைத்தால், ஒரு வருடம் வரை சிறை உங்களுக்கு!

இந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும்? கோவைக்குப் பக்கத்தில், கேரளத்தின் அட்டப்பாடி மலையில் 2018 பிப்ரவரி 22-ம் தேதி நடந்தது நினைவிருக்கிறதா? மது என்ற பழங்குடி இளைஞர். மனநலம் பாதிக்கப்பட்டு, காட்டில் தனியாகக் கிடந்தவர். கடைகளில் அரிசியும் சாமானும் திருடினார் என்று ஒரு கும்பல் காட்டுக்குள்ளேயே போய் அவரைப் பிடித்தது. கைகளைக் கட்டி, முக்காலி என்ற இடத்துக்கு நடத்தியே கூட்டி வந்தார்கள். வழியெல்லாம் அடி. அந்தக் கோலத்தில் அவரை வைத்து செல்ஃபி வேறு! கடைசியில், போலீஸிடமும் ஒப்படைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஜீப்பிலேயே மது இறந்துபோனார்.

திருட்டு யார் கண் முன்னாலும் நடக்கவில்லை. வெறும் சந்தேகம். அப்போது பிடிக்கவே சட்டம் இடம் தராது. அடிப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. 13 பேருக்கு ஏழு வருடக் கடுங்காவல். ஊருக்கு நல்லது செய்வதாக நினைத்துக் கிளம்பியவர்கள் அவர்கள்!

'தர்ம அடி' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அதில் தர்மம் துளிகூட இல்லை. எனவே, உப்பிலியபுரம் கடைவீதியில் அந்தச் சங்கிலித் திருடன் உங்களிடம் சிக்கினால், அவன் திமிறி ஓடாமல் இருக்க எவ்வளவு பலம் தேவையோ, அதை மட்டும் காட்டுங்கள். 112-க்கு போன் போடுங்கள். அதற்குள் சுற்றி நிற்கும் நாலு பேர் கையை ஓங்குவார்கள். அவர்களையும் தடுத்து நிறுத்துங்கள். திருடனைப் பிடிப்பதைவிட, அதுதான் கஷ்டமான வேலை!