மொஹீனின் குதிரைகளும் ஃபாசில்ஸும்

கனத்த இசையில் வளர்ந்த இளைஞர் குழு தன் முதல் தொகுப்பில் மெட்டுப் பக்கம் சாய்ந்தால் ரசிகர்களில் ஒரு சாரார் முகம் சுளிப்பார்கள். முனை மழுங்கிவிட்டது, விற்பனைக்காக இறங்கிவந்துவிட்டார்கள் என்பார்கள். 2002இல் அமெரிக்காவில் போஸ்ட்-ஹார்ட்கோர் வகையைச் சேர்ந்த ஃபிஞ்ச், டேக்கிங் பேக் சண்டே போன்ற குழுக்களின் முதல் முழுத் தொகுப்புகள் வந்தன. தொண்டை கிழியக் கத்துவதும், அடுத்த வரியிலேயே யாரும் கூடச் சேர்ந்து பாடக்கூடிய பல்லவிக்குத் திரும்புவதும் அவற்றின் வழக்கம். அந்தக் கோபத்தில் இத்தனை இனிப்பு எதற்கு என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

அதே 2002இல் கொல்கத்தாவில் ஃபாசில்ஸ் என்ற குழுவின் முதல் தொகுப்பு குழுவின் பெயரிலேயே வெளிவந்தது. ஃபாசில்ஸை போஸ்ட்-ஹார்ட்கோர் என்று சொல்ல முடியாது. அவர்கள் வாசித்தது வங்க மொழி ஹார்ட் ராக். ஆனாலும் அந்தக் கேள்வி இவர்களுக்கும் பொருந்தும். இதற்கு விடை தேட நான் ஃபாசில்ஸை அமெரிக்கத் தொகுப்புகளோடு ஒப்பிடப் போவதில்லை. அதே ஊரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு வந்த இன்னொரு முதல் தொகுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அது மொஹீனேர் கோராகுலி (‘மொஹீனின் குதிரைகள்’) என்ற குழு 1977இல் வெளியிட்ட ‘ஷங்பிக்னோ பாகிகுல் ஓ கொல்காதா பிஷயக்’. ‘கலங்கிய பறவைக் கூட்டமும் கொல்கத்தாவும் குறித்து’ என்று அந்தத் தலைப்பைத் தமிழாக்கலாம்.

காதுக்கு முதலில் தெரிவது ஒலியின் அளவில் உள்ள வித்தியாசம். மொஹீன் மெல்லியது, ஃபாசில்ஸ் இரைச்சல் மிக்கது. எனவே மொஹீன் பழமைக்கு நெருக்கம், ஃபாசில்ஸ் புரட்சி என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தேன். இரண்டையும் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு எனக்குத் தோன்றுவது இதற்கு நேர்மாறு. மரபை விட்டு வெகுதூரம் போனது அந்த மெல்லிய இசைத்தட்டுதான். இரைச்சலான தொகுப்போ வங்காளத்தின் பழைய பாட்டு வழக்கத்தின் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. இது ஃபாசில்ஸுக்குக் குறை என்று நான் கருதவில்லை. அவர்களுடைய பலமே அதுதான்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். நமக்குப் புது ஒலி என்றால் அது சினிமா வழியாகத்தான் வரும். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது தமிழ்நாடே புது மெட்டுகளைத் திரையரங்கிலும் வானொலியிலும் கேட்டது. வங்காளத்திலும் சினிமாப் பாட்டு உண்டு. ஆனால் அதற்கு இணையாகத் தனிப்பாட்டுக்கென்றே ஒரு சந்தை இருந்தது. துர்கா பூஜைக்குப் புதுத்துணி எடுப்பதைப் போல வீட்டுக்குப் புதுப் பாட்டும் வாங்குவார்கள். எச்.எம்.வி. நிறுவனம் ஒவ்வொரு பூஜைக்கும் வரும் புதிய தட்டுகளின் பாடல் வரிகளை அச்சிட்டு ‘ஷாரத் அர்க்ய’ என்ற சிறு புத்தகமாக வெளியிட்டது. வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்டுப் பழகிய சமூகம் அது. ரவீந்திர சங்கீதத்திலும் சரி, ‘ஆதுனிக்’ என்று அவர்கள் சொல்லும் நவீன மெல்லிசையிலும் சரி, சொல் ஒன்றுகூட மங்கிவிடக் கூடாது. பாடகர் ஒருவர், அவருக்குப் பின்னால் வாத்தியங்கள், நடுவில் தெளிவாக நிற்கும் சொல். இதுதான் வழக்கம்.

மொஹீன் இந்த வழக்கத்தைத்தான் கலைத்தது. கௌதம் சட்டோபாத்யாய் 60களில் பார்க் ஸ்ட்ரீட்டின் இரவு விடுதிகளில் ஆங்கிலோ இந்திய இசைக்கலைஞர்களோடு கிதார் வாசித்தவர். பிறகு நக்சல்பாரி இயக்கத்தில் சேர்ந்து சிறைக்குப் போனார். வெளியே வந்தபின் 70களின் நடுவில், தெற்குக் கொல்கத்தாவின் நாக்தலாவில் தம்பிகள், உறவினர், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தம்மோடு ஏழு பேராகக் குழுவைத் தொடங்கினார். ஏழு பேர் என்பதால் முதலில் வைத்த பெயர் சப்தரிஷி. வங்கக் கவிஞர் ஜீபனானந்த தாஸின் ‘குதிரைகள்’ கவிதையிலிருந்து எடுத்த மொஹீனேர் கோராகுலி என்ற பெயர் பிறகுதான் வந்தது. குழுவுக்குக் கவிதையிலிருந்து பெயர் வைப்பதே அன்று விநோதம். கிதாரோடு வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்தன, வங்க நாடோடிப் பாடகர்களின் பாவுல் பாட்டின் சாயலும் ஜாஸின் நடையும் கலந்தன. அவர்களே அதற்கு ‘பாவுல் ஜாஸ்’ என்று பெயரிட்டார்கள்.

அந்தச் சிறு தட்டில் இருந்தவை நான்கே பாட்டுகள். அவற்றில் ‘ஹாய் பாலோபாஷி’யை மட்டும் கொஞ்சம் நெருங்கிக் கேட்கலாம். அது ஒரு பட்டியல். பாடுபவர் தமக்குப் பிடித்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். பிக்காசோ, புன்யுவெல், தாந்தே, பீட்டில்ஸ், டிலன், பீத்தோவன் என்று வரிசை நீள்கிறது. ரவிசங்கரையும் அலி அக்பரையும் கேட்டுவிட்டு விடியற்பனியில் வீடு திரும்பும் சுகமும் அதில் வருகிறது. மெட்டு தாலாட்டைப் போல அசைகிறது. இத்தனையும் பிடித்திருந்தும் எதுவுமே நன்றாக இல்லையே என்ற இடத்துக்கு வந்து சேரும்போது குரல் உயர்வதில்லை, வாத்தியமும் வேகம் பிடிப்பதில்லை. பட்டியலைச் சொன்ன அதே தொனியில்தான் அந்த ஆற்றாமையும் சொல்லப்படுகிறது. நெருக்கடி நிலை முடிந்து, மேற்கு வங்கத்தில் இடது முன்னணி ஆட்சிக்கு வந்த ஆண்டு அது. தோழர்களை இழந்து, சிறையிலிருந்து திரும்பிய ஒருவர் தம் கோபத்தை இப்படிச் சாதாரணக் குரலில் வைத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. காதலியோ கடவுளோ இல்லாத, ராகத்தின் பெருமையையும் காட்டாத அந்தப் பாட்டை எந்த வரிசையில் சேர்ப்பது என்று ‘ஆதுனிக்’ ரசிகருக்குப் பிடிபட்டிருக்காது.

தட்டு விற்கவில்லை. 1978இலும் 1979இலும் இன்னும் இரண்டு தட்டுகள் வந்தன. 1981இல் குழு கலைந்தது. பிறகு நெடிய மௌனம். 1992இல் பாடகர் சுமனின் ‘தொமாகே சாய்’ தொகுப்பு வந்து, தனியாக நின்று கிதாரோடு நகரத்தைப் பாடலாம் என்று வங்க இளைஞருக்குக் காட்டியது. 1995இல் கௌதம் இளம் பாடகர்களைக் கூட்டிவந்து, கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் ‘ஆபார் பொச்சொர் குரி பொரே’ தொகுப்பை வெளியிட்டார். அப்போதுதான் பழைய தட்டையும் ஊர் தேட ஆரம்பித்தது. கௌதம் 1999இல் மறைந்தார். அந்த 1995 தொகுப்பில் உள்ள ஒரு மெட்டைத்தான் 2006இல் வந்த ‘கேங்ஸ்டர்’ இந்திப் படத்தின் ‘பீகி பீகி’ பாட்டாக நம்மவர்களும் முணுமுணுத்தார்கள். யாருடைய மெட்டு என்று தெரிந்து முணுமுணுத்தவர்கள் குறைவு.

ஃபாசில்ஸ் 1998இல் தொடங்கியபோது இந்தப் பாதை ஓரளவு திருத்தப்பட்டிருந்தது. சந்திரபிந்து, கேக்டஸ் போன்ற குழுக்கள் மேடைகளை நிறைத்தன. ஃபாசில்ஸின் பாடகர் ரூபம் இஸ்லாம் குழுவின் முதல் தொகுப்போடு வந்தபோது மின்கிதாரின் கரகரப்பும் டிரம்ஸின் அடியும் பலருக்கு அதிர்ச்சி தந்தன. ஆனால் அந்தக் கரகரப்பை ஒரு நிமிடம் விலக்கிவிட்டு ‘ஏக்லா கொர்’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள். தனியறையே தன் தேசம் என்கிற ஒருவனின் பாட்டு. குரல் தாழ்ந்து தொடங்கி, படிப்படியாக ஏறி, உச்சத்தில் கரகரக்கிறது. அந்த உச்சத்திலும் சொல் சிதைவதில்லை, ஒவ்வொன்றும் எழுத்து எழுத்தாகக் காதில் விழுகிறது. மெட்டின் வளைவு வங்க மெல்லிசையில் பழகிய வளைவு. பாடுபவன் ஒருவன், பாட்டு அவனுடைய ஏக்கம். ‘ஷாரத் அர்க்ய’ புத்தகத்தைக் கையில் வைத்துக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கறுப்பு பனியனோடு அதே ஏக்கத்தைக் கத்திப் பாடினார்கள். ‘ஹஸ்னுஹானா’ என்று இரவில் மணக்கும் பூவின் பெயரை ஒரு ஹார்ட் ராக் பாட்டுக்கு வைப்பதும் அந்த மரபில் வந்தவருக்கே தோன்றும்.

இதனால்தான் ஃபாசில்ஸின் மெட்டுச் சாய்வை விற்பனைத் தந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முன்பு வங்க மொழியில் அத்தனை கனத்த ஒலியைப் பரவலாகக் கேட்டவர்கள் குறைவு. பழகாத ஒலியைப் பழகிய மெட்டுதான் தோளில் ஏற்றிக் கொண்டுபோனது. மெட்டு இல்லாமல் அந்த இரைச்சல் மட்டும் வந்திருந்தால் மாவட்டத்து ஊர்களின் கல்லூரி விழாக்கள் வரை அது போயிருக்காது. ரூபம் பின்னாளில் ‘மகாநகர்@கொல்கத்தா’ படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது பெற்றபோது யாருக்கும் அது பொருந்தாததாகத் தோன்றவில்லை. அவர் முதலிலிருந்தே பாடகர்.

இரண்டுக்கும் நடுவே எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு ஒலியளவில் இல்லை, ‘யார் பாடுகிறார்’ என்பதில் இருக்கிறது. ஃபாசில்ஸில் பாடுவது ‘நான்’. கேட்பவர் ஆயிரம் பேரானாலும் ஒவ்வொருவரும் அந்த ‘நான்’ ஆகிப் பாடுகிறார்கள். மொஹீனில் ‘நான்’ என்று வரும் இடத்தில்கூடக் குரல்கள் பலவாகி ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. தலைமைப் பாடகர் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. அந்தக் கூட்டுக்குரலைப் புரிந்துகொள்ள ஊருக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. ஒற்றைக் குரலுக்கு அந்தக் காத்திருப்பு தேவைப்படவில்லை.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் நான் தங்கியிருந்த வீட்டின் மொட்டைமாடி அறையில் கல்லூரிப் பையன் ஒருவன் இருந்தான். மாலையில் மின்சாரம் போனால் கிதாரோடு வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்காருவான். ‘ஏக்லா கொர்’ அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒற்றைக் கிதாரில், கரகரப்பு ஏதும் இல்லாமல் அவன் பாடினாலும் அது முழுப் பாட்டாகவே நின்றது. ஒருநாள் “ஹாய் பாலோபாஷி தெரியுமா?” என்று கேட்டேன். “தெரியும் தாதா (அண்ணா)” என்று தொடங்கினான். பீத்தோவன் வரை வந்தவன், பட்டியல் முடிந்து ஆற்றாமை வரும் இடத்தில் நிறுத்திவிட்டான். திரும்பவும் முதலிலிருந்து எடுத்தான், அங்கேயே நின்றான். “இதைத் தனியாகப் பாடினால் வராது, தாதா. கீழ் வீட்டுப் பையன்கள் வரட்டும்” என்று சொல்லி கிதாரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான்.