விஞ்ஞானமும் வினாத்தாளும்

1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓரிரவு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு பரீட்சை நடந்தது. அதற்கு வினாத்தாளும் இல்லை, மண்டபமும் இல்லை. அன்று சந்திரகிரகணம். ஊரவர் பெரிதும் மதித்த பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியார், கிரகணம் பற்றும் வேளையையும் சந்திரபிம்பம் மறையும் அளவையும் முன்னரே கணித்து வெளியிட்டிருந்தார். அமெரிக்க மிஷனரிமார் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவர் டானியல் பூர் அந்தக் கணிதத்தில் பிழை உண்டென்றார். வேறொரு வேளையும் வேறோர் அளவும் சொன்னார். இரு திறத்தாரும் வானத்தைப் பார்த்திருந்தனர். கிரகணம் செமினரியின் கணக்குக்கே இசைந்து வந்தது.

இந்நிகழ்ச்சியைச் செமினரியார் தமது பெருவெற்றியாகப் பல காலம் எடுத்துரைத்தனர். ஆயினும் சாஸ்திரியாரின் பக்கத்திலும் ஒரு சொல் சொல்ல இடமுண்டு. தொலைநோக்கி இன்றி, தலைமுறை தலைமுறையாக மனனஞ் செய்து காத்த வாய்பாடுகளைக் கொண்டு கணித்தவர் அவர். அத்தகைய கருவிகளோடு அவ்வளவு அண்மையில் வருவதுதானும் எளிதன்று. தோற்றது அவருடைய திறமையன்று. நெடுங்காலமாக வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தப்படாத வாய்பாடு. விடையை மனனஞ் செய்வதற்கும் விடையை இயற்கையோடு ஒப்பிடுவதற்கும் உள்ள இந்த வேற்றுமை, பின்னர் வந்த விஞ்ஞானப் பரீட்சைகள் அனைத்தையும் நிழல்போலத் தொடர்ந்தது.

செமினரி 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்டது. கணிதம், வானசாத்திரம், அந்நாளில் இயற்கைத் தத்துவம் எனப்பட்ட பௌதிகம் ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. மாணாக்கர் அறிவைச் சோதித்தது பெரும்பாலும் வாய்மொழியாகவே. அதுவும் பலர் முன்னிலையில். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் அங்கு வந்து மாணாக்கரின் அறிவைக் கண்டு வியந்து, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு அச்செமினரியை ஒப்பிட்டு எழுதினார். வாய்மொழிச் சோதனைக்கு ஒரு நன்மை இருந்தது. மாணாக்கன் சொன்ன விடையைப் பற்றிக்கொண்டு, “அது ஏன் அப்படி?” என்று மறுகேள்வி கேட்கலாம். எழுத்துப் பரீட்சையில் அந்த வசதி இல்லை.

செமினரியில் உயர்ந்த பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. தமிழிலேயே விஞ்ஞானத்தைக் கற்பித்துத் தமிழிலேயே சோதிக்கலாம் என்று செய்து காட்டியவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயில் வைத்தியம் கற்பித்துவந்த அவர், 1864 முதல் பாடங்களைத் தமிழில் நடத்தினார். உடற்கூறு, இரண வைத்தியம் என அவரும் அவருடைய மாணாக்கரும் பெயர்த்த நூல்கள் பல. இரசாயன நூல் ஒன்று 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரோடு வெளிவந்தது. தகுந்த தமிழ்ச்சொல் கிடைத்த இடத்தில் அதை எடுத்தும், கிடைக்காத இடத்தில் அந்நியச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இணக்கியும் அவர் எழுதினார். ஆனால் 1870இல் கொழும்பில் அரசாங்க வைத்தியப் பாடசாலை ஆங்கில மொழியிலே தொடங்கிற்று. 1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். தமிழில் படித்துத் தமிழில் விடை சொல்லி வைத்தியராகும் பாதை ஒடுங்கிப் போயிற்று. 

அச்சிட்ட வினாத்தாளும் முத்திரையிட்ட உறையும் இலங்கைக்கு வந்தது இங்கிலாந்திலிருந்து. அங்கே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1858இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கான பரீட்சைகளைத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் விஞ்ஞானக் கலைத் திணைக்களம் என்ற அரசாங்க நிலையம் மற்றொரு முறையைக் கொணர்ந்தது. நாடெங்கும் விஞ்ஞான வகுப்புகள் நடத்தலாம்; பரீட்சையில் தேறும் மாணாக்கரின் தொகைக்கேற்ப ஆசிரியருக்குப் பணம். இரசாயனத்துக்கு எட்வேட் பிராங்லண்ட், பௌதிகத்துக்கு ஜோன் டின்டல், உடற்றொழிலியலுக்குத் தோமஸ் ஹக்ஸ்லி எனப் பரீட்சகர் யாவரும் அக்காலத்துப் பேரறிஞர்கள். பரீட்சகரில் குறையில்லை, குறை கூலி முறையில் இருந்தது. ஆய்வுகூடம் அமைக்கப் பணம் செலவாகும். பாடநூலை மனனஞ் செய்விக்கச் செலவே இல்லை. இரண்டுக்கும் கிடைக்கும் கூலியோ ஒன்றே. ஆசிரியர் எதைத் தெரிந்தெடுப்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பின்னாளில் விஞ்ஞானக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற எச். ஜி. வெல்ஸ் இளமையில் இம்முறையின் கீழ்ப் படித்தவர். சிறிய நகரொன்றின் பாடசாலையில் மாலை வகுப்பு நடைபெற்றதாகப் பெயர். உண்மையில் வகுப்பில் அவர் தாமே பாடநூலை வாசித்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் தம்முடைய கடிதங்களை எழுதிக்கொண்டிருந்தார். பரீட்சை வந்தது. வெல்ஸ் பாடம் பாடமாகச் சிறந்த முறையில் தேறினார். அதன் பயனாக அவருக்கு இலண்டனில் ஹக்ஸ்லியிடமே உயிரியல் கற்க உதவிச் சம்பளம் கிடைத்தது. ஆகவே அம்முறையை முழுவதும் பழிப்பதும் நியாயமாகாது. கடைச் சிப்பந்தியாய் வாழ்நாளைக் கழித்திருக்கக்கூடிய ஓர் ஏழைச் சிறுவனை அந்தப் பரீட்சைதான் மேலே தூக்கிவிட்டது.

பரீட்சகர்கள் இந்நிலையை அறியாதவரல்லர். ஆசிரியர்கள் மாணாக்கர் முன் செய்து காட்டவேண்டிய 109 பரிசோதனைகளைப் பிராங்லண்ட் நிரல்படுத்திக் கொடுத்தார். வினாக்களையும் அவற்றை ஒட்டியே அமைத்தார். ஹக்ஸ்லி 1870களின் தொடக்கத்தில் ஆசிரியர்களையே கோடை வகுப்புக்கு அழைத்து, நொதியத்தையும் அவரைச் செடியையும் தவளையையும் தத்தம் கையால் ஆராயச் செய்தார். உயிரியல் ஆய்வுகூடத்தில் தவளை மல்லாந்து கிடக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியதற்கு அவ்வகுப்புகள் ஒரு முக்கிய காரணம். இவர்களுக்குப் பின் ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் இன்னும் ஒரு படி சென்றார். இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் நிறை கூடுமா, குறையுமா? சுண்ணக்கட்டியைச் சூடாக்கினால் அதிலிருந்து போவது யாது? விடையைச் சொல்லாதே, மாணாக்கனே நிறுத்துக் கண்டுபிடிக்கட்டும் என்பது அவர் கொள்கை. மிகவும் நல்ல கொள்கைதான். ஆனால் நாற்பது பேருக்கு ஒரு தராசு உள்ள வகுப்பில் அது நடவாது.

இலங்கையில் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் 1880இல் தொடங்கின. இலண்டன் பிரவேசப் பரீட்சையும் அவற்றையொட்டி வந்தது. வினாத்தாள்கள் கப்பலில் வந்தன. யாழ்ப்பாணத்திலும் காலியிலும் கண்டியிலும் எழுதப்பட்ட விடைகள் கப்பலில் திரும்பிச் சென்றன. பெறுபேறு வர மாதங்கள் ஆயின. பாடநூல்கள் ஆங்கிலப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. பூவின் உறுப்புகளை விளக்க அவை எடுத்துக்காட்டியது ஆங்கிலப் புல்வெளியில் மஞ்சளாய் மலரும் ‘பட்டர்கப்’ என்னும் பூ. வேலியோரத்தில் செவ்வரத்தையும் பூவரசும் பூத்திருக்க, பிள்ளைகள் கண்ணாற் காணாத பூவின் படத்தைக் கீறிப் பழகினர். உத்தியோகமும் மேற்படிப்பும் அந்தச் சான்றிதழைப் பொறுத்திருந்தமையால் எவரும் மறுத்துப் பேசவில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தபின் நிலைமை மாறத் தொடங்கிற்று. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்த காலம் அது. தாய்மொழிப் போதனை கீழ் வகுப்புகளில் தொடங்கி ஆண்டுதோறும் ஒரு வகுப்பு மேலேறியது. 1951இல் பரீட்சைத் திணைக்களம் தனியாக நிறுவப்பட்டது. கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் 1952 முதல் நடைமுறைக்கு வந்தது. கலைப் பாடங்கள் தமிழிலும் சிங்களத்திலும் முதலில் மாறின. விஞ்ஞானம் தயங்கித் தயங்கிப் பின்னே வந்தது. தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ‘பாரம்’ என்று வீட்டிற் பேசுகிறோம். வினாத்தாளில் அந்தச் சொல் போதாது. ஒரு பொருளிலுள்ள சடத்தின் அளவு வேறு, அதைப் பூமி இழுக்கும் விசை வேறு. இரண்டுக்கும் இரண்டு சொற்கள் வேண்டும். அவை நாடெங்கும் ஒரே பொருளில் வழங்கவும் வேண்டும். மட்டக்களப்பு ஆசிரியர் ஒரு சொல்லும் யாழ்ப்பாணத்து ஆசிரியர் வேறொரு சொல்லும் கற்பித்தால், விடைத்தாளைத் திருத்துபவர் யாருக்குப் புள்ளி இடுவார்?

அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் அறிஞரைக் கூட்டிக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவ்வேலையின் பயனாக இலங்கைத் தமிழ் மாணாக்கனுக்குத் திணிவும் நிறையும் ஆர்முடுகலும் உந்தமும் கிடைத்தன. ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு என்பன தமிழ் எழுத்தில் அமர்ந்தன. ஆனால் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் வேறொரு குழுவினர் வேறு சொற்களைத் தெரிந்தனர். இரசாயனவியல் அங்கே வேதியியல், பௌதிகவியல் இயற்பியல், ஆர்முடுகல் முடுக்கம். இவையெல்லாம் வெறும் பெயர் வேற்றுமைகள், பழகினால் தீரும். தீராத இடர் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘நிறை’ என்பது இலங்கையில் திணிவு எனப்படுவதைக் குறிக்கும். பூமியின் இழுவிசையை அவர்கள் ‘எடை’ என்பர். இலங்கைப் பாடநூலிலோ ‘நிறை’ என்பது அந்த இழுவிசையே. தமிழ்நாட்டு நூலை விரும்பி வாங்கிப் படித்த மாணாக்கன் ஒருவன், சந்திரனில் ஒரு பொருளின் நிறை மாறாது என்று எழுதினால், அங்கே அவன் விடை சரி, இங்கே பிழை. ஒரே மொழி, ஒரே சொல், ஒரே உண்மை. புள்ளி மட்டும் வேறு. இரு கரையிலும் அறிஞர்கள் இருந்தும் இச்சொல்லை ஒன்றாக்காமல் விட்டது வருந்தத்தக்கது.

இவ்வளவு பாடுபட்டு அமைத்த தாய்மொழிப் பரீட்சை 1970களின் தொடக்கத்தில் பெரியதொரு பிணக்கின் நடுவே அகப்பட்டது. பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான, மருத்துவ, பொறியியல் பீடங்களில் இடங்கள் மிகச் சில. உயர்தரப் பரீட்சையில் பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் கணிதமும் எழுதியவர் மிகப் பலர். தமிழ் விடைத்தாள்களுக்குப் புள்ளி தாராளமாக இடப்படுகிறதென ஓர் ஐயம் கிளப்பப்பட்டது. அது மெய்யென நிறுவப்படவில்லை. ஆயினும் 1971ஆம் ஆண்டின் அனுமதியில் பொறியியலுக்குச் சிங்கள மொழி மூலம் எழுதியவர் 400க்கு 227 புள்ளி பெற்றாற் போதும், தமிழ் மொழி மூலம் எழுதியவர் 250 பெறவேண்டும் என்றாயிற்று. பின்னர்த் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. ஆய்வுகூடமே காணாத பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்கும் வழி வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு மொழியில் எழுதியதற்காகவே ஒரு பிள்ளைக்கு எல்லைக்கோட்டை உயர்த்துவது அந்த நியாயத்தைச் சார்ந்ததன்று. ஒரே தராசில் இரு வேறு படிக்கற்களை இட்டு நிறுத்த கதையே அது. அதனால் ஏற்பட்ட மனப்புண் பரீட்சை மண்டபத்தோடு நிற்கவில்லை என்பதை இந்நாட்டின் பின்வந்த வரலாறு அறியும்.

அதே பத்தாண்டில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1972இன் கல்விச் சீர்திருத்தம் சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழைக் கொணர்ந்தது. இரசாயனம், பௌதிகம், உயிரியல் எனத் தனித்தனியே இருந்தவை விஞ்ஞானம் என்ற ஒரு பாடமாயின. அது முன்போலச் சிலருக்கன்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. சான்றிதழின் பெயர் சில ஆண்டுகளில் மறைந்து, சாதாரண தரம் மீண்டது; எல்லாரும் விஞ்ஞானம் எழுதும் முறை மட்டும் நிலைத்துவிட்டது. கிராமத்துப் பிள்ளையும் மின்சுற்றைப் பற்றி விடையெழுதும் நிலையை உண்டாக்கிய அச்சீர்திருத்தம், அதற்காகவேனும் நினைக்கப்படத் தக்கது.

எல்லாரும் எழுதும் பரீட்சையை விரைவாகத் திருத்தவேண்டும். அதற்கு உதவியது பல்தேர்வு வினா. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்துக் கல்வியாளர் பிரெடெரிக் கெலி, முதலாம் உலகப்போர்க் காலத்தில், பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்க அமைத்த முறை அது. இன்று சாதாரண தர விஞ்ஞானத்தின் முதலாம் தாளில் அத்தகைய வினாக்கள் 40 உள்ளன. திருத்துபவரின் மனப்போக்கு அங்கே நுழையாது. தாராளம், கஞ்சத்தனம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. ஆனால் “ஏன்?” என்ற கேள்வியை அது கேட்பது அரிது.

இரண்டாம் தாளில் அக்கேள்விக்கு ஓரளவு இடமுண்டு. பச்சையிலையில் மாப்பொருள் இருப்பதைக் காட்டும் பரிசோதனை அங்கே அடிக்கடி வரும் ஒன்று. இலையை முதலில் கொதிநீரில் இடவேண்டும். பின்பு அற்ககோலில் இட்டுப் பச்சையத்தை நீக்கவேண்டும். கழுவியபின் அயடீன் கரைசலைத் துளியாக விட்டால் இலை கருநீலமாகும். அற்ககோலை நேரே நெருப்பில் வைக்காமல் நீர்த்தொட்டியில் வைத்துச் சூடாக்குவது ஏன் என்று வினவப்பட்டிருக்கும். அற்ககோல் எளிதில் தீப்பற்றும் என்று பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சரியாக எழுதுகின்றனர். அவர்களுள் ஒரு பகுதியினர் அந்தச் சோதனைக் குழாயைக் கையிற் பிடித்தவர்கள். இலை வெளிறி விறைப்பதையும் பின்பு ஒரு துளியில் கறுப்பதையும் கண்ணாற் கண்டவர்கள். மற்றவர்கள் படத்தை மாத்திரம் கண்டவர்கள். இருவர் விடைக்கும் புள்ளி ஒன்றே. விடைத்தாளை வைத்து அவர்களைப் பிரித்தறிய வழியில்லை.